கோடு விட்டுப்போன இடங்கள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இந்த முறை என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். போன வருடம் ரசப்பொடி பற்றிக் கேட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் கொலு. இந்த வருடம் செயலாளரே வீட்டுக்கு வந்து, "மாமி, ரிடயர் ஆகறதுக்கு முன்னாடி நீங்க கம்ப்யூட்டர்ல கிராஃப் எல்லாம் போட்டீங்களாமே! நோட்புக்ல படம் போட ஆரம்பிக்கறது எப்படின்னு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கோ. காலேஜ் பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் அரசு வேலை பார்த்தவளைக் கண்டுபிடிக்கச் சங்கத்துக்கு இத்தனை நாள் ஆயிற்று. பரவாயில்லை, எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் 'எப்படி' என்று நாலு பக்கம் எழுத எனக்கு வராது. அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் எழுதப் போவது, நோட்புக்கில் நான் தப்பாகப் போட்ட ஒரு கோட்டைப் பற்றி. அந்தக் கோட்டால் ஒரு நல்ல மனிதரின் வேலை போக இருந்தது. போகாமல் காப்பாற்றியவர்களுக்கு இந்த வயதிலாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பாகீரதி. பிறந்தது கும்பகோணம், கல்யாணமாகி வங்காளத்துப் பவானிபூருக்கு வந்தேன். ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. நியமன உத்தரவில் 'மேன்' என்றே இருந்தது. ஓய்வு பெறும் நாள் வரை யாரும் அதைத் திருத்தவில்லை. இந்த ஊரில் பெண்களின் பெயரோடு அக்கா என்ற பொருளில் 'தீதி'யைச் சுருக்கி ஒரு 'தி'யும், ஆண்களுக்கு அண்ணன் என்று ஒரு 'தா'வும் சேர்ப்பார்கள். முதல் நாள் ஒருவர் என்னை "பாகீரதி-தி" என்று கூப்பிட்டபோது, பாவம், திக்குவாய்க்காரர் என்று நினைத்துவிட்டேன். ஹூக்ளி ஆற்றுக்கே பாகீரதி என்றும் ஒரு பெயர் உண்டு என்பதால், ஆறே ஆற்றை அளக்க வந்துவிட்டது என்று ஒரு வாரம் சிரித்தார்கள்.

வேலை, சொல்வதற்கு எளிது. ஆற்றோரம் பல இடங்களில் மீட்டர் கோடு போட்ட உயரமான மரப்பலகைகளைத் தண்ணீரில் நட்டு வைத்திருப்பார்கள். பக்கத்துக் குடிசையில் ஒருவர் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். கடலோதம் ஏறினால் மட்டம் ஏறும், வற்றினால் இறங்கும். அந்த எண்களை நாங்கள் கிராஃப் தாளில் புள்ளிகளாக வைத்துக் கோட்டால் இணைப்போம். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கும் ஆற்று மண்ணை வாருகிறவர்களுக்கும் அந்தக் கோடு வேண்டும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த தலைமை டிராஃப்ட்ஸ்மேன் ஹால்தார் பாபு பேச்சில் மகா சிக்கனம். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். எண் இல்லாத இடத்துக்கு என் பேனா வரும்போது மட்டும், "கொலோம் தோலோ" என்பார். பேனாவைத் தூக்கு. அளவு எடுக்காத நேரத்துக்குக் கோடு கிடையாது. காலியாக விட்டு, அடுத்த எண்ணில் பேனாவை இறக்க வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை மூன்று வருடம் கேட்டேன். அவர் ஓய்வு பெற்றபோது என் கை தானாகத் தூக்கப் பழகியிருந்தது. கைக்குத் தெரிந்தது தலைக்கும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த வினை.

கிராஃப் தாள் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அதைப் பற்றி உருகி எழுதுகிறவர்களுக்கு என் தோள்பட்டை வலியைக் கொஞ்ச நாள் இரவல் தரத் தயார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது எங்கள் பிரிவுக்குப் புதிய தலைவராக சர்மிஷ்டா மேடம் வந்தார். என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். வந்த வாரமே, "பாகீரதி-தி, இனிமே நம்ம படமெல்லாம் நோட்புக்லதான். திங்கட்கிழமை ஜாதவ்பூர்ல டிரெய்னிங்" என்றார். அலுவலகத்தில் நாங்கள் பேசியது வங்காளம். இங்கே தமிழில் தருகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை கரியாஹாட்டுக்குப் போய், நடைபாதைக் கடையில் பேரம் பேசி, நூற்று இருபது பக்க நோட்டு ஒன்று வாங்கி அட்டையெல்லாம் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

நோட்புக் என்பது பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதில் பெட்டி பெட்டியாக இருக்கும், செல் என்பார்கள். ஒரு செல்லில் கட்டளையை எழுதி ஷிஃப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால், கீழேயே விடை வந்து நிற்கும். படம் போடச் சொன்னால் படம். செல்லின் இடப்பக்கம் சதுர அடைப்புக்குள் ஓர் எண் தோன்றும். அந்த எண் எதற்கு என்று பயிற்சியில் சொன்னார்களா, அல்லது அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேனா என்று தெரியாது. என் முதல் படத்தில் தேதிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கம்பளிப்பூச்சி மாதிரி கிடந்தன. இருந்தாலும் ஒரு நாள் முழுக்க வரையும் கோட்டை அது ஒரு நொடியில் வரைந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

சர்மிஷ்டா மேடம் ஒரு படத்தைப் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கோட்டை முதலில் பார்க்கவே மாட்டார். திரையில் கீழ் அச்சில் ஆள்காட்டி விரலை வைத்து, இடமிருந்து வலமாக நேரத்தைப் படிப்பார். பிறகு பக்க அச்சு. மீட்டரா, சென்டிமீட்டரா என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் கோடு. இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று செய்வார். மெனுவுக்குப் போய், இதுவரை நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு முதல் செல்லிலிருந்து வரிசையாக ஓட்டு என்ற கட்டளையை அழுத்துவார். "ப்ரோதோம் தேகே" என்பார். முதலிலிருந்து. நான் பாடுபட்டுக் கொண்டுவந்த படம் மறைந்து பக்கம் வெள்ளையாகும். போட்டு முடித்த கோலத்தை அழித்துவிட்டு மறுபடி போடு என்பதுபோல எரிச்சலாக வரும். அவர் இல்லாதபோது நான் அதைச் செய்யமாட்டேன். மாற்றிய செல்லை மட்டும் ஓட்டினால் போதாதா, எதற்கு வீண் வேலை என்று இருந்தேன்.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தாலும் அப்படித்தான். "கீழேயிருந்து படிங்க தி, கடைசி வரியிலதான் விஷயம் இருக்கும்" என்று அவர் பத்து தடவை சொல்லியிருப்பார். சிவப்பைக் கண்டாலே நான் படிக்கமாட்டேன். பயிற்சியில் தந்த கட்டளைகளை என் கரியாஹாட் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதில் எது பொருந்துமோ அதை ஒட்டி, சிவப்பைப் போக்கிவிடுவேன்.

என் ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. தெற்கே, ஆறு கடலைப்போல் விரியும் இடத்தில் எங்களுக்கு ஓர் அளவு நிலையம் உண்டு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அங்கே அளவு எடுப்பவர் நிமாய்-தா. பதினோரு வருடமாக வருட ஒப்பந்தம். துர்கா பூஜை முடிந்து விஜயா வாழ்த்துச் சொல்ல அலுவலகம் வரும்போது, மனைவி செய்த தேங்காய் உருண்டையை எனக்கென்று தனியாகப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும் முன் எல்லா நிலையங்களின் பதிவுகளையும் நோட்புக்கில் போட்டுத் தரும்படி துணை இயக்குநர் கேட்டார். மேடம் ஒரு வாரம் விடுப்பில் இருந்தார். நானே செய்தேன். நாளுக்கு ஒரு சின்னப் படம். ஒரு மாதம் ஒரே பக்கத்தில். அவ்வளவு அழகாக வந்தது. கூட்டத்தில் என் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டப்போகிறார்கள் என்று அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

நிமாய்-தாவின் பக்கம் வந்ததும் துணை இயக்குநர் எழுந்து நின்றார். முப்பது சின்னப் படங்களில் ஏழெட்டில், பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை கோடு அடியில் தட்டையாக இருந்தது, கத்தியால் சீவியதுபோல.

"ஓதம் இருக்கற ஆத்துல தண்ணி ரெண்டு மணி நேரம் அசையாம நிக்குமா?" என்று கேட்டார். "இந்த ஆள் மூணு மணிக்கு வீட்டுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்குத்தான் திரும்பி வரார். போறதுக்கு முன்னாடி ஒரே நம்பரை வரிசையா எழுதி வச்சிட்டுப் போறார். இவருக்கு எதுக்கு ஒப்பந்தம்?"

அவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். வியாழக்கிழமை பதிவேட்டோடு நேரில் வரும்படி நிமாய்-தாவுக்குச் சொல்லி அனுப்பினார். என்னிடம், "நீங்க ஒரு தடவை சரிபார்த்துடுங்க" என்றார். அந்த மட்டில் அவர் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்.

நான் சரிபார்த்தேன். மூன்றாவது செல்லில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, நானே நோட்டிலிருந்து ஒட்டிய ஒரு வரி கண்ணில் பட்டது: எண் இல்லாத வரிசைகளை நீக்கிவிடு. காலி இடங்களை நீக்கினால், இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் கணினி நேராக இணைத்துவிடுமே! பேனாவைத் தூக்காமல் இழுத்ததுபோல் ஆகுமே! உடனே அந்த வரியை அழித்தேன். செல்லை ஓட்டினேன். கீழே படத்துக்கான செல்லையும் ஓட்டினேன். தட்டைக் கோடு அப்படியே இருந்தது. மறுபடி ஓட்டினேன். அப்படியே இருந்தது.

என் சந்தேகம் பொய், நிமாய்-தா எழுதியதுதான் அப்படி என்று முடிவு கட்டினேன். துணை இயக்குநரிடம் போய், "பார்த்துட்டேன் சார், படம் சரியாத்தான் இருக்கு" என்று என் வாயால் சொன்னேன். மனிதர்கள் இப்படியும் இருப்பார்களா, தேங்காய் உருண்டை கொண்டுவரும் கை பொய்க் கணக்கும் எழுதுமா என்றெல்லாம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வியாழன் காலை நான் போனபோது, வராந்தா பெஞ்சில் நிமாய்-தா உட்கார்ந்திருந்தார். முதல் லாஞ்சுப் படகைப் பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பதிவேடு. "தீதி, என்ன விஷயம்னு சொல்லமாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் "உள்ளே கூப்பிடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டேன்.

நல்ல வேளை, மேடம் அன்று விடுப்பு முடிந்து வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அவரை உள்ள கூப்பிடறதுக்கு முன்னாடி உங்க நோட்புக்கைக் காட்டுங்க" என்றார். திறந்து காட்டினேன். எப்போதும்போல விரல் கீழ் அச்சுக்குப் போகும் என்று பார்த்தால், போகவில்லை. இடப்பக்கம், செல்களின் ஓரம் இருந்த எண்களில் போய் நின்றது.

"தி, ஃபைலைப் படிக்கற இந்த ரெண்டாவது செல்லுல என்ன எண் இருக்கு?"

"ரெண்டு."

"அதுக்குக் கீழ இருக்கறதுல?"

"நாப்பத்தொண்ணு."

"அப்படின்னா நீங்க ரெண்டாவதா அழுத்தினப்போ ஃபைலைப் படிச்சது. அதுக்கப்புறம் படிக்கவே இல்ல. நாப்பத்தொண்ணாவது தடவை அழுத்தறதுக்கு முன்னாடியே, எப்பவோ அந்த வரிசைகள் நீங்கிப் போயாச்சு. வரியை நீங்க அழிச்சீங்க. நீங்கினது எப்படித் திரும்பி வரும்?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிற்பாடு என் வீட்டுக்காரருக்கு இதை இப்படித்தான் விளக்கினேன்: சாம்பாரில் புளியைக் கரைத்து விட்டாயிற்று, அதற்குப் பிறகு சமையல் குறிப்பில் புளி என்ற வரியை அடித்துவிட்டால், பாத்திரத்தில் இருக்கும் புளி போய்விடுமா? புதுப் பாத்திரம்தான் வைக்க வேண்டும்.

மேடம் மெனுவுக்குப் போனார். "ப்ரோதோம் தேகே" என்றார். இந்த முறை நானே, "போடுங்க" என்றேன். பக்கம் வெள்ளையாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஒழுங்காக இறங்கி வந்தன. படம் வந்தது. தட்டைக் கோடு இல்லை. மூன்று மணிக்குக் கோடு கீழே இறங்கி நின்றுவிட்டது. ஐந்து மணிக்கு மறுபடி தொடங்கியது. நடுவில் வெறும் வெள்ளை. ஹால்தார் பாபு என் பின்னால் நிற்பதுபோல இருந்தது.

"ஆனா அந்த நேரத்துல ஏன் எண் இல்ல?" என்றார் மேடம். வராந்தாவுக்கு ஓடி, நிமாய்-தாவிடம் பதிவேட்டை வாங்கி வந்தேன். அந்த நாட்களில், மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் எதிரே ஒரே வார்த்தை இருந்தது: ஷுக்னோ. வறண்டது. தண்ணீர் பலகையின் அடிக்குக் கீழே போய்விட்டது, பலகை சேற்றில் நிற்கிறது, அளக்க ஒன்றுமில்லை. அந்த மனிதர் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போய்ப் பார்த்து, வறண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். தட்டச்சு செய்தவர் அதையே ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் கணினி முதல் நாளே சிவப்பில் கத்தியிருக்கிறது, இதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று. கடைசி வரியில் அந்த வார்த்தையையே எழுதிக் காட்டியும் இருக்கும். நான் அதைப் படிக்காமல், எண்ணாக மாறாததைக் காலியாக்கு என்ற இன்னொரு வரியையும் நோட்டிலிருந்து ஒட்டித் துடைத்துவிட்டேன்.

"ஏழெட்டு நாள்ல மட்டும் ஏன் வறண்டது?" என்று மேடம் அடுத்துக் கேட்டார். இதற்கு எனக்கு மின்னல் வெட்டியதுபோல விடை தெரிந்தது. ஆனால் ஓத அட்டவணை துணை இயக்குநரின் மேஜையில் இருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏன்னா, சமையல்கட்டுல காலண்டர் தொங்கறதே, போன மாசத் தாளைத் திருப்பி அமாவாசை, பௌர்ணமி என்னிக்குன்னு பாத்துச் சொல்லுங்கோ."

"எதுக்குடி? ஆபீஸ்ல தர்ப்பணம் பண்ணப் போறியா?"

"சொல்லுங்கோன்னா, ஒருத்தர் பிழைப்பு இருக்கு இதுல!"

சொன்னார். கச்சிதமாகப் பொருந்தியது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்தடுத்த நாட்களில் வற்றம் மிக ஆழமாகப் போகும். அந்த இடத்தில் அது பிற்பகலில்தான் வரும். நிமாய்-தா மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. போனது தண்ணீர்தான்.

மேடம், "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே என்னைக் காப்பாற்றும் எண்ணம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் படம் சரி என்று சொன்னது என் வாய். நான்தான் போனேன்.

"சார், தப்பு பதிவுல இல்ல. என் படத்துல. நான் சரிபார்த்ததும் தப்பு."

அவர் என்னையே பார்த்தார். "எழுதிக் கொடுப்பீங்களா? இன்னும் அஞ்சு மாசத்துல நீங்க ரிடயர் ஆகறீங்க."

"அதனாலதான் சார் இப்பவே எழுதிடறேன்" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவசரக்காரர் அவசரமாகவே எழுந்து வராந்தாவுக்குப் போய், நிமாய்-தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தவறாக நினைத்துவிட்டேன் என்றார். ஒப்பந்தம் அன்றே கையெழுத்தானது.

நிமாய்-தா கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர், "நான் ஷுக்னோன்னுதானே தீதி எழுதியிருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் மாதாமாதம் அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: 'கீழே இன்னொரு பலகை வேண்டும்.' அளவுப் பத்தியை மட்டும் தட்டச்சு செய்யும் அலுவலகத்தில் அதை யாருமே படித்ததில்லை, நான் உட்பட.

என் கடைசி மாதத்தில் அந்தப் பலகையை அடித்தார்கள். பார்வையிட மேடம் போனபோது ஜீப்பில் என்னையும் அழைத்துப்போனார். அமாவாசைக்கு மறுநாள், பிற்பகல். பழைய பலகையின் அடியில் சேறு மினுமினுத்தது. புதுப் பலகையைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. நிமாய்-தா அந்த எண்ணை எழுதிவிட்டு, மகனைப் பள்ளியில் சேர்த்த அப்பாவைப் போல எங்களைப் பார்த்தார்.

வெட்கத்தோடு அவர் கேட்டு அனுப்பியிருந்ததை நான் கொண்டுபோயிருந்தேன்: பிரச்சினை வந்த அந்த மாதப் படத்தின் அச்சுப் பிரதி, கோடு விட்டுவிட்டு வந்தது. குடிசைச் சுவரில் அதை ஆணியடித்து மாட்டினார். புதுப் பலகையோடு ஒழுங்காக ஓடும் ஒரு மாதத்தைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். படத்தின் கீழ் அச்சு, பக்க அச்சு எல்லாம் படிக்க அவருக்குத் தெரியாது. ஒரு படத்தில் கோடு நின்று போய் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஏகானே ஆமி சிலாம்" என்றார். இங்கே நான் இருந்தேன்.

விரல் அடுத்த வெள்ளைக்கு நகர்ந்தது.

"ஏகானேயோ." இங்கேயும்.